பால்மரம் சொல்லும் சாய்வுக் கணக்கு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கணக்கு என்றாலே, "அது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கெல்லாம் வராது" என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளையும் நம்பிவிடுகிறது. ஆனால் ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள், ஒரு நல்ல கணக்கை நாள்தோறும் கையால் செய்தவர்கள். அந்தக் கணக்கின் பெயர் சாய்வு.

நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபின், இரண்டாம் படிவத்தில் இது 'கெசெருனான்' என்ற மலாய்ப் பெயரோடு வந்து நிற்கும். இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே போகும் கோட்டின் சாய்வைக் கேட்பார்கள். பொருள் தெரியாதவன் சூத்திரத்தை மனப்பாடம் செய்வான். கழித்தல் குறியில் தடுக்கி விழுவான். பொருள் தெரிந்தவனுக்கோ மொழி மாறினாலும் கணக்கு மாறாது.

பால்மர வெட்டை எண்ணிப் பாருங்கள். அது இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். ஒட்டுக்கட்டிய மரத்தில் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. ஏன் அந்தப் பக்கமாக? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் மேலே போகப்போக வலப்பக்கம் 3 முதல் 5 பாகை வரை சாய்ந்திருக்கின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். சாய்வு குறைந்தால் பால் வெட்டைத் தாண்டிப் பட்டையில் வழியும். கூடினால் பட்டை வீணாகும்.

இனி எண்ணுக்கு வருவோம். மரத்தின் சுற்றளவு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு பாதிச் சுற்று, அதாவது 30 சென்டிமீட்டர் அகலம். மரத்தில் ஒரு தாளைச் சுற்றி, வெட்டை அதில் வரைந்து, தாளை விரித்தால் வளைந்த வெட்டு நேர்கோடாகிவிடும். தொடக்கப் புள்ளியின் கிடைத்தூரம் 0, தரையிலிருந்து உயரம் 150. முடிவுப் புள்ளியின் கிடைத்தூரம் 30, உயரம் 133.

உயர வேறுபாட்டைக் கிடைத்தூர வேறுபாட்டால் வகுத்தால் சாய்வு. 133இலிருந்து 150 போனால் −17. 30இலிருந்து 0 போனால் 30. ஆகவே சாய்வு −17/30. கழித்தல் குறி என்ன சொல்கிறது? வலப்பக்கம் போகப்போகக் கோடு இறங்குகிறது என்கிறது.

எந்தப் புள்ளியை முதலில் எடுப்பது? எதை எடுத்தாலும் சரிதான். ஆனால் மேலே எந்த வரிசையோ கீழேயும் அதே வரிசை வேண்டும். மேலே 133இலிருந்து 150ஐக் கழித்துவிட்டு, கீழே 0இலிருந்து 30ஐக் கழித்தால் விடை +17/30 ஆகிவிடும். கோடு வலப்பக்கம் ஏறிவிடும்! மங்கு இருப்பது வலப்பக்கம்; பால் ஓடுவது இடப்பக்கம். அப்புறம் மங்கில் என்ன சேரும்?

இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் இருந்தால் சாய்வு 0, பால் ஓடாது. ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று இருந்தால் கிடைத்தூர வேறுபாடு 0. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அந்தக் கோட்டுக்குச் சாய்வு எண் கிடையாது.

இன்னொன்றும் கவனியுங்கள். அடுத்தமுறை சீவும்போது வெட்டு சற்றுக் கீழே இறங்கும். சாய்வு மட்டும் மாறாது. சாய்வு ஒன்றாக இருக்கும் வெவ்வேறு கோடுகள் இணைகோடுகள். புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம். பால்மரத்தில் இதற்கு ஆண்டுக்கணக்கான வெட்டு.

பெற்றோர்களே, இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வெட்டையே பார்க்காத பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒரு பால் டின்னில் தாளைச் சுற்றி, அந்த வெட்டை நீங்களே வரைந்து காட்டுங்கள். தாளை விரித்து, இரண்டு புள்ளி வைத்து, அடிக்கோலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சாய்வை அது கண்டுபிடித்துச் சொல்லட்டும். "எங்க ஆத்தாவுக்கும் அப்பாவுக்கும் கணக்குத் தெரியும்" என்று நம்பிப் போகும் பிள்ளை, எந்த மொழியில் கேட்டாலும் தயங்காது.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.