4096 புள்ளிகள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிகாகோவிலிருந்து வந்திருக்கிறாய், மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் பேசப் போவதோ ஒரு விளையாட்டு மேஜையைப் பற்றி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சார். மின்னணுவியல் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் பிராஜெக்டுக்காக ஒரு கம்ப்யூட்டர் பின்பால் மேஜை செய்யப் போகிறார்கள். எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள்: "அண்ணா, புள்ளி டிஸ்ப்ளேவுக்கு எல்.ஈ.டி. பலகை வாங்கினால் கையிலிருக்கும் பணத்தில் பாதி போய்விடும். பழைய மானிட்டர் ஒன்றை வைத்தால் போதாதா?" அந்தப் பணம் மெஸ் செலவில் மிச்சம் பிடித்த பணம். அதனால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு வயதில் ஆணி அடித்த பலகையில் குண்டைத் தள்ளி விளையாடினோமே, பேகடெல், அதன் வழி வந்ததுதான் இது. கண்ணாடி மூடிய சரிவான மேஜை, ஓர் எஃகுக் குண்டு, அது கீழே போய்விடாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். இதன் தாய்வீடு சிகாகோ. ஆரம்பத்தில் மதிப்பெண்ணை வெறும் எண்களாகவும் எழுத்துகளாகவும்தான் காட்டினார்கள். 1991இல் புள்ளிகளால் படமே வரையும் டிஸ்ப்ளே வந்து சேர்ந்தது. குறுக்கே 128, நெடுக்கே 32, ஆக 4096 புள்ளிகள். 1992இல் பாலி பெயரில் வெளிவந்து 20,270 மேஜைகள் விற்ற 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'யிலும் இந்த 4096தான். 1999இல் வில்லியம்ஸ் கம்பெனி பின்பால் தயாரிப்பையே மூடிவிட்டது. பிறகு வந்த மேஜைகள் மெல்ல மெல்ல எல்.சி.டி. திரைக்கு மாறின.

பழைய மேஜைகளின் விலை இன்று எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் ஆர்வலர்கள் மரப்பெட்டி செய்து, மேஜைப் பரப்புக்குப் பதில் ஒரு பெரிய திரையைப் படுக்க வைத்து, கம்ப்யூட்டரில் ஆடுகிறார்கள். 'விஷுவல் பின்பால்' என்ற மென்பொருள் குண்டின் ஓட்டத்தைக் கணக்கிடும். 'வி.பின்மேம்' என்பது பழைய மேஜையின் ரோம் சிப்பிலிருந்த அதே புரோகிராமை ஓட்டும். கவனியுங்கள், அதைப் போன்ற ஒன்றை அல்ல, அதையே. அந்தப் புரோகிராமுக்கு 4096 புள்ளிக்கு மேல் வரையத் தெரியாது. நீங்கள் எவ்வளவு நுணுக்கமான மானிட்டர் வைத்தாலும் படத்தில் ஒரு புள்ளி கூடாது. வட்ட வட்டமாகப் புள்ளி போல வரைந்து காட்டுவதில்தான் அந்த நுணுக்கமெல்லாம் செலவாகும்.

சரி, மானிட்டர் போதுமா? விளையாட மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் இந்தப் படம் நாலுக்கு ஒன்று என்ற ஒடுங்கின வடிவம். மானிட்டரில் பாதிக்கு மேல் மரப்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பின்விளக்கு எரிவதால் கறுப்பும் சாம்பலாகத் தெரியும். எல்.ஈ.டி.யில் எரியாத புள்ளி நிஜமாகவே இருட்டு. அது மட்டுமல்ல, நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள். மானிட்டரை மாட்டுவதில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? என் ஓட்டு எல்.ஈ.டி.க்குத்தான்.

பழைய பிளாஸ்மா டிஸ்ப்ளேவே கிடைத்தால்? அந்த ஆரஞ்சு ஒளிக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லியம்ஸ் மேஜைகளில் அதற்குப் பிளஸ் 62, மைனஸ் 113, மைனஸ் 125 வோல்ட் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். வயதாக ஆகக் கண்ணாடிக்குள் இருக்கும் வாயுவும் கெடும். ஹாஸ்டல் அறையில் அது வேண்டவே வேண்டாம்.

எல்.ஈ.டி. பலகைக்கு 5 வோல்ட் போதும். விளம்பரப் பலகைகளில் ஓடுகிறதே, அதே சாமான்தான். 64க்கு 32 புள்ளி உள்ள பலகை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நமது கணக்கு முடிந்தது. பெயரில் பி2, பி2.5, பி3 என்று போட்டிருப்பது புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரம், மில்லிமீட்டரில். பி2.5 இரண்டு சேர்ந்தால் 320க்கு 80 மி.மீ. பழைய டிஸ்ப்ளேயில் இந்த இடைவெளி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மி.மீ. ஆகவே அசல் அளவு வேண்டுமென்றால் பி2.5 வாங்குங்கள். பெட்டி சிறியதாக இருந்தால் பி2 (256க்கு 64), பெரியதாக இருந்தால் பி3 (384க்கு 96). பெட்டியில் துளை வெட்டுவதற்கு முன் பலகையை வாங்கி ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், தயவுசெய்து.

வாங்கும்போது இரண்டையும் ஒரே கடையில், ஒரே லாட்டில் வாங்குங்கள். வேறு வேறு லாட் என்றால் இடது பக்கம் ஒரு சிவப்பு, வலது பக்கம் ஒரு சிவப்பு என்று இருக்கும். மென்பொருளில் எவ்வளவு திருகினாலும் கண்ணை உறுத்தும். கட்டிடத்துக்குள் வைக்கும் வகை, பதினாறில் ஒன்று ஸ்கேன் என்று கேட்டு வாங்குங்கள். பின்புறச் சிப்பின் எண்ணையும் கேளுங்கள். எஃப்.எம்.6126ஏ என்ற சிப் உள்ள பலகைக்கு, முதலில் அதன் ரெஜிஸ்டரில் சில கட்டளைகளை எழுதினால்தான் ஒளி வரும். என் நண்பர் ஒருவர் இது தெரியாமல் நல்ல பலகையைச் செத்த பலகை என்று நினைத்து மூலையில் போட்டுவைத்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கன்ட்ரோலர் வேண்டும். பல வகை உண்டு. உங்களுக்கு நான் சொல்வது இ.எஸ்.பி.32 போர்டும் 'ஸீ.டி.எம்.டி.' என்ற புரோகிராமும். அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம், அதுதான் காரணம். கன்ட்ரோலர் தருவது 3.3 வோல்ட் சிக்னல், பலகை 5 வோல்ட் ரகம். பெரும்பாலும் ஒத்துப்போகும். புள்ளிகள் துடித்தால் நடுவில் ஒரு 74ஹெச்.சி.டி.245 போடுங்கள்.

இனி இணைப்பு. ஹப்-75 என்ற 16 முனை ரிப்பன் கேபிள். இதில் நடப்பது நமது டிஜிட்டல் லேபில் செய்ததேதான்: ஷிப்ட் ரெஜிஸ்டர், லாட்ச், மல்டிபிளெக்ஸிங். ஒரு வரிசைக்கான தகவல் கிளாக்குக்கு ஒன்றாக உள்ளே நகர்ந்து போகும். லாட்ச் அதைப் பிடித்து வைக்கும். ஏ, பி, சி, டி என்ற நான்கு கம்பிகள் எந்த வரிசை எரிய வேண்டும் என்று சொல்லும். நான்கு கம்பிக்கு 16 முகவரி. பலகையிலோ 32 வரிசை. ஆகவே முதல் வரிசை எரியும்போது 17ஆவதும் கூடவே எரியும். எந்தப் புள்ளியும் பதினாறில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் எரிவதில்லை. நம் கண்தான் ஏமாறுகிறது. கேமரா ஏமாறாது, போட்டோவில் பட்டை பட்டையாக விழும்.

இது புரிந்துவிட்டால் கோளாறு பார்ப்பது சுலபம். படம் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் மட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தெரிகிறதா? ஏ கம்பி விட்டுப்போயிருக்கிறது. எட்டு வரிசை ஒளி, எட்டு வரிசை இருட்டு என்று மாறி மாறி வருகிறதா? டி கம்பி. இடது பாதி வலது பக்கம் வந்தால் பலகைகளின் வரிசை மாறியிருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகும் என்பதை மறந்திருப்பீர்கள். பின்புறம் அம்புக்குறி போட்டிருக்கும். கன்ட்ரோலரிலிருந்து வரும் கேபிள் முதல் பலகையின் உள்வாயிலுக்கு, அதன் வெளிவாயிலிலிருந்து அடுத்த பலகையின் உள்வாயிலுக்கு.

மின்சாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. முழு வெள்ளையில் ஒரு பலகை 4 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளை வையுங்கள். யு.எஸ்.பி.யிலிருந்து எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். "ஆரஞ்சு நிறம்தானே, அவ்வளவு இழுக்காது" என்பார்கள். ஒரு வண்ண ஆட்டத்தில் திரை முழுக்க வெள்ளையாக ஒருமுறை மின்னினால் தெரியும். ஒவ்வொரு பலகைக்கும் சப்ளையிலிருந்து தனித்தனியாகத் தடித்த வயர் இழுங்கள். கன்ட்ரோலரின் கிரவுண்டும் பலகையின் கிரவுண்டும் சேர்ந்தே ஆக வேண்டும். பலகைக்கு மின்சாரம் இல்லாதபோது சிக்னல் மட்டும் போகக் கூடாது, சிப் அந்த வழியாக மின்சாரத்தை உறிஞ்சும். இரண்டும் ஒரே சுவிட்சில் எழும்படி செய்யுங்கள். 230 வோல்ட் வரும் முனைகளை மூடி, உலோகப் பெட்டிக்கு எர்த் கொடுங்கள். அந்தப் பெட்டியைச் சுற்றிக் குழந்தைகள் வந்து நிற்பார்கள்.

பட்ஜெட் இடித்தால் பி2.5ஐ விட்டுப் பி3 வாங்குங்கள், இரண்டு மாதம் கழித்து வாங்குங்கள், சப்ளையை மட்டும் குறைக்காதீர்கள். பெட்டிக்கு டீக் வேண்டாம், பிளைவுட் போதும்.

என்னிடமிருந்த உபரிப் பலகை ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். பிராஜெக்டுக்கு அல்ல, கழற்றி மாட்டிப் பார்ப்பதற்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்னணுவியல் லேபில் இருப்பேன். ஏ கம்பியை உருவினால் என்ன ஆகிறதென்று அங்கே பார்க்கலாம்.