மூச்சுப் பயிற்சியும் எங்க அத்தையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. "உன் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லு, அது போதும்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அந்தத் தைரியத்தில் வந்துட்டேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிஞ்சது. அத்தை பீடி சுருட்டு எதையும் தொட்டவங்க இல்லை. ஆனால் சின்ன வயசில் இருந்து விறகடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும். டாக்டரிடம் கேட்டோம். "இவங்களுக்கு இதனால்தான் வந்தது என்று உறுதியா சொல்ல முடியாது. ஆனால் அடுப்புப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்தான்" என்று சொன்னார்.

மூணு மாசமா இருமல் இருந்தது. மருந்துக்கடை மாத்திரையும் கஷாயமுமா ஓட்டினோம். சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் டிபி இருக்கா என்று பார்த்தாங்க, இல்லை. அப்புறம் ஸ்கேன் எடுத்து, ஊசி மூலமா சதை எடுத்துச் சோதனை செஞ்சு சொன்னாங்க. நோய் பரவவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். வலது நுரையீரலில் மூணு பாகம், இடதில் ரெண்டு பாகம் இருக்குமாம். வலதில் ஒரு பாகத்தை எடுக்கணும் என்றார்கள்.

உடனே கத்தி வைப்பாங்க என்று நினைச்சோம். ஆனால் டாக்டர், "மூச்சு இழுக்கிற சக்தி குறைவா இருக்கு. மூணு வாரம் பயிற்சி செய்யட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்று சொல்லி பிசியோதெரபி மேடத்திடம் அனுப்பினார். எனக்குப் புரியவே இல்லை. மூச்சு விடத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் அத்தை உயிரோடு இருந்தாங்களா? கேட்டே விட்டேன். அந்த மேடம் கோபப்படவில்லை.

அவங்க சொன்னதை என் பாஷையில் சொல்றேன். கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பை தானா விரியாது, கை இழுத்தால்தான் விரியும். நுரையீரலும் அப்படித்தான். அதுக்குக் கீழே உதரவிதானம் என்று குடை மாதிரி ஒரு தசை இருக்கு. அது கீழே இறங்கும்போதுதான் காத்து உள்ளே வருது. விலா எலும்புக்கு நடுவில் இருக்கிற தசைகளும் கூட இழுக்கும். பை பழுதானாலும் இழுக்கிற கை பலமா இருந்தால் மிச்சம் இருக்கிற பையை வச்சு வேலை பார்க்கலாம். அந்தக் கைக்குத்தான் பயிற்சி. இந்தப் பயிற்சியால் புற்றுநோய் கரையாது. ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் சளி கட்டி நிமோனியா வருகிற ஆபத்து குறையும், மூச்சு வாங்குவது குறையும் என்று தெளிவா சொன்னாங்க.

முதலில் வயித்து மூச்சு. சாய்ந்து படுத்து, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயித்தில். மூக்கால் இழுக்கும்போது வயித்துக் கை மேலே வரணும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. அடுத்து உதடு குவிச்சு விடுற மூச்சு. மூக்கால் ஒண்ணு ரெண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவிச்சு ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று மெதுவா விடணும். இதை மட்டும் அத்தை உடனே பிடிச்சுக்கிட்டாங்க. "ஊதாங்குழல் ஊதுற மாதிரிதானே!" என்றார்கள். "அவ்வளவு வேகம் வேண்டாம் பாட்டி, விளக்கு அணையாமல் சுடர் ஆடுற அளவுக்கு ஊதுங்க" என்று மேடம் திருத்தினாங்க.

மூணாவது, மூணு பந்து வச்ச பிளாஸ்டிக் கருவி. அத்தை வாங்கின உடனே அதையும் ஊதிட்டாங்க! அது ஊதுற கருவி இல்லை, குழாயில் வாய் வச்சு உறிஞ்சணும். மெதுவா, ஆழமா இழுத்தால் பந்து மேலே வரும். அதை ரெண்டு மூணு நொடி நிறுத்தி வைக்கணும். அதில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். ஒரு நொடிக்கு எவ்வளவு காத்து இழுக்கிறோம் என்ற கணக்கு அது. முதல் நாள் ஒரு பந்து பாதி தூரம்தான் வந்தது. நாலாவதா, ஸ்பிரிங் வச்ச ஒரு சின்னக் கருவி கொடுத்தாங்க. காத்து உள்ளே வராமல் அது கொஞ்சம் தடுக்கும், அதை மீறி இழுக்கணும். கைக்கு எடை தூக்குற மாதிரி மூச்சுத் தசைக்கு எடை. எவ்வளவு இறுக்கம் என்பதை அவங்கதான் அளந்து வைப்பாங்க, நாம் திருகக் கூடாது.

"சாகப் போறவளுக்கு என்னடி பந்து விளையாட்டு?" என்று அத்தை முதல் வாரம் முழுக்கத் திட்டினாங்க. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் செய்வாங்க. எழுந்து போனால் நிறுத்திடுவாங்க. மூணு வாரத்தில் ரெண்டு பந்து மேலே வந்தது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மறுநாளே உட்கார வச்சு, தையல் போட்ட பக்கம் தலையணையை அணைச்சுக்கிட்டு இருமச் சொன்னாங்க.

இனிமேல்தான் நான் செஞ்ச தப்பைச் சொல்லணும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. சாப்பாடு, தண்ணி எல்லாம் கட்டிலுக்கே கொண்டு போனேன். அப்புறம் நாலு தடவை மருந்து ஏத்தினாங்க, அதில் ரொம்ப ஓய்ந்து போனாங்க. "படுத்துக்கோங்க அத்தை" என்பதுதான் என் வாயில் வரும். பார்க்க வந்தவங்க எல்லாம், "மருமக தாங்குறா" என்று சொல்லிட்டுப் போவாங்க. அது கேட்க எனக்கு நல்லாத்தான் இருந்தது. பந்துக் கருவி பீரோ மேல் ஏறிடுச்சு.

ஒருநாள் அத்தை ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, நடையிலேயே உட்கார்ந்துட்டாங்க. பத்தடி நடக்க மூச்சு இல்லை. நோய் திரும்பிடுச்சோ என்று ஓடினோம். ஸ்கேனில் எதுவும் இல்லை. "படுத்தே இருந்ததில் தசை எல்லாம் வத்திப்போச்சு" என்று டாக்டர் சொன்னார். தலை குனிஞ்சு நின்னேன். நான் செஞ்ச சேவை அது.

மறுநாளே கருவியைக் கீழே இறக்கினேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கு வருகிற பிசியோதெரபி மேடமும் வந்து பார்த்து, மூச்சுப் பயிற்சியோடு நடையும் சேர்க்கச் சொன்னாங்க. எங்க தெருவில் மின்கம்பம்தான் கணக்கு. அத்தை முன்னாடி நடப்பாங்க, என் பையன் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போவான். முதல் வாரம் ஒரு கம்பம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, உதடு குவிச்சு மூச்சு விட்டுட்டுத் திரும்பினோம். பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கினால் சரி, பேச முடியவில்லை என்றால் உட்காரணும். இதுதான் மேடம் கொடுத்த அளவு.

நான் நூறு நாள் வேலைக்குப் போகிற நாளில் எண்ண ஆள் இல்லை. குழுக் கூட்டத்தில் சொல்லி அழுதேன். கடன் தவணை விஷயத்தில் ஒரு வருஷமா என்கூடப் பேசாத அக்கா ஒருத்தங்க, "செவ்வாய்க்கிழமை நான் போறேன்" என்று முதலில் சொன்னாங்க. அப்புறம் மத்த நாளுக்கும் ஆள் கிடைச்சது. கடன் நோட்டுக்குப் பின்பக்கம் அத்தையின் மூச்சுக் கணக்கு எழுதினோம். நாலு மாசத்தில் அத்தை பால் சொசைட்டி வரைக்கும் நடந்து போய்த் தானே பால் ஊத்திட்டு வந்தாங்க. ஸ்டூல் வீட்டிலேயே இருந்தது.

சில விஷயம் மறக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். தலை சுத்தினால் நிறுத்தி ஓய்வு எடுக்கணும். சளியில் ரத்தம், நெஞ்சு வலி, காய்ச்சல், சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல் என்றால் பயிற்சியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எங்களை மாதிரி மூணு மாசம் ஓட்டாதீங்க.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினாங்க. அதில் வீடு வீடா போகிற சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போல மகளிர் குழுவில் இருந்து வந்தவங்கதான். உங்க ஊரில் இப்படி யாராவது இருந்தால் அவங்களிடம் சொல்லுங்க. வெளியே தெரியக் கூடாது என்று மூடி வைக்காதீங்க.

கூட்டமைப்பிடம் நான் கேட்பது பணம் இல்லை. கருவி வாங்கிடலாம், பஸ்ஸுக்குக் குழுக் கடன் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆள்தான் கிடைக்காது. ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேர் இந்தப் பயிற்சியை முறைப்படி கத்துக்கிட்டு, தேவைப்படுகிற வீட்டுக்கு முறை வச்சுப் போகணும் என்று ஒரு தீர்மானம் போடுங்க. முதல் பேரா என் பேரை எழுதிக்கோங்க.

அத்தை மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. இன்னும் பரிசோதனைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கோம். இந்த மண்டபத்துப் படியில் நடுவில் ஒரு தடவை நின்னு, உதடு குவிச்சு மூச்சு விட்டுட்டு, என் கையைப் பிடிக்காமல் ஏறி வந்தாங்க. நான் பின்னாடி நின்னு எண்ணினேன்.