வைத்தியராகும் கனவும் வாடும் உள்ளமும்



அன்புக்குரிய பெற்றார்களே, இளைஞர்களே, யுவதிகளே!

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்குமென்றால் ஊரே மகிழ்கின்றது. இஸட் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டாலோ, அதே வீட்டில் மௌத்து நிகழ்ந்தாற்போல் அமைதி சூழ்கின்றது. அவ்வேளையில் அப்பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடுகின்றது என்று எத்தனை பேர் விசாரிக்கின்றோம்?

மருத்துவ பீடத்தினுள் நுழைந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ணிவிடலாகாது. தமிழ் மொழியில் உயர்தரம் கற்றவர் அங்கே அனைத்தையும் ஆங்கிலத்தில் கற்க வேண்டும். பாடசாலையில் முதலாவதாக வந்தவர், அங்கே முதலாவதாக வந்த பலருள் ஒருவராகிவிடுகிறார். ஐந்தாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, வீட்டைப் பிரிந்த விடுதி வாழ்வு எனச் சுமை கூடுகின்றது.

43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2016ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்பட்டதாக அது கூறுகின்றது. அவர்களுள் சிகிச்சையை நாடியோர் நூற்றுக்கு 16 பேரளவே! பிறர் நோயைத் தீர்க்கக் கற்பவர்களே தம் நோயை மறைத்து வாழ்கின்றனர்.

ஏன் மறைக்கின்றனர்? "ஈமான் குறைந்துவிட்டது" என்று சிலர் பழிக்கின்றனர். "நாளை மணம் பேச வருவோர் என்ன நினைப்பர்?" என்று சில பெற்றார் மாத்திரையையே நிறுத்திவிடுகின்றனர். சகோதரர்களே, மகனைப் பிரிந்த துயரில் நபி யஃகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று அல்குர்ஆன் கூறுகின்றதே! அது ஈமானின் குறைவா? கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்குமான மருத்துவத்தை ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துயரமும் உண்டு, காரணம் தெரியாத துயரமும் உண்டு எனப் பிரித்துக் காட்டினார். மருந்து தேடுமாறு ஏவிய மார்க்கத்தில் உள்ளத்தின் நோய்க்கு மட்டும் விலக்கு இல்லை. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல.

இளைஞனே! இரு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உணவும் விருப்பமும் குன்றினால், புத்தகத்தைத் திறந்தும் ஒரு வரி மனதில் பதியாதிருந்தால், அதனைச் சோம்பல் என்று நீயே தீர்ப்பளித்துவிடாதே. உளவளத்துணையாளரையோ அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசு. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தனித்திராதே. அருகிலுள்ளவரிடம் உடனே சொல். சிகிச்சை பெற்றுக்கொண்டே படிப்பைத் தொடர்ந்து வைத்தியரானோர் பலர் உளர்.

பெற்றார்களே! தொலைபேசியில் புள்ளிகளைக் கேட்குமுன், "உறங்கினாயா மகனே, சாப்பிட்டாயா மகளே?" என்று கேளுங்கள். பிள்ளை "முடியவில்லை" என்றால், அயல்வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டாதீர்கள், செவிமடுங்கள். ஓராண்டு பிந்தினாலும், வேறு துறைக்கு மாறினாலும் குடும்ப மானம் போய்விடாது. பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். நமது ஆசையை நிறைவேற்றும் கருவி அன்று.

நம் பிள்ளைகளின் அறிவோடு உள்ளத்தையும் அல்லாஹ் நலமாக்கி வைப்பானாக. ஆமீன்.