கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இலஞ்சத்தைக் கண்டித்துப் பேசுவது எளிது. அதை ஆதரிப்பவர் இச்சபையில் ஒருவருமிலர். "மாநகரசபையில் காசில்லாமல் காரியமில்லை, பொலீசில் ஆளில்லாமல் நீதியில்லை" என்பது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அன்றாடப் பேச்சு. அப்படிப் பேசும் நாமே, கட்டட அனுமதியைப் பணங்கொடுத்து விரைவிற் பெற்றவரைக் "கெட்டிக்காரன்" என்று மெச்சுகிறோம். முறைப்படி விண்ணப்பித்து மும்முறை அலைந்தவரையோ "பிழைக்கத் தெரியாதவர்" என்கிறோம். மணம் பேசுமிடத்தில், மாப்பிள்ளைக்குச் சம்பளத்தோடு 'மேல்வரும்படி' உண்டா என்று மெல்ல விசாரிப்பாரும் உளர். நோயின் வேர் இங்கேயே இருக்கின்றது.

சட்டத்துக்குக் குறைவில்லை. கொழும்பு மாநகரசபையில் நடந்த இலஞ்சத்தை விசாரிக்க ஆணைக்குழு அமைந்து, 1949இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது. 1954இல் இலஞ்சச் சட்டம், 1994இல் நிரந்தர ஆணைக்குழு, 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1954ஆம் ஆண்டுச் சட்டமே வாங்குபவரோடு கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. நாமோ அதற்குச் 'சந்தோசம்' என்றும் 'தேத்தண்ணிக் காசு' என்றும் பெயர் சூட்டி, நம் கையைக் கழுவிக்கொள்கிறோம்.

எனினும் ஒன்றை மறுக்கலாகாது. நம்மவர் பலர் கொடுத்தது பேராசையாலன்று, அச்சத்தால். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகருமமொழியாயிற்று. தமிழும் அரசகருமமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இலேதான். தனக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்திற் கையொப்பமிட நேர்ந்தவனும், 1983ஐக் கண்ட குடும்பத்தவனும், பொலீஸ் நிலைய வாசலில் நிமிர்ந்து நிற்பது இலேசன்று. அவனைப் பழிப்பது நீதியாகாது.

ஆனால் எண்ணிப் பாருங்கள்: அச்சத்தால் ஒருவர் கொடுத்த காசு, அடுத்து வருபவருக்கு விலையாகிவிடுகின்றது. கடைக்காரர் ஐயாயிரம் கொடுத்தால், நாட்கூலிக்காரரிடமும் ஐயாயிரமே கேட்கப்படும். வசதியுள்ளவன் வாங்கிய விரைவுக்கு வசதியற்றவன் தன் முறையை இழக்கிறான். நாம் கொடுத்தது நம்முடைய பணம். விற்றதோ அயலானுடைய உரிமை.

ஆகவே வாலிபர்களுக்குச் சில வேலைகள் சொல்வேன். கிழமைக்கு ஒருநாள் நம் மண்டபத்தில் மேசை போட்டு, சோலைவரி, பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி ஆகியவற்றுக்கான படிவங்களை நிரப்பிக் கொடுங்கள். மொழி புரிந்தால் தரகனுக்கு வேலையில்லை. முறைப்பாடு செய்யச் செல்லும் முதியவருடன் இருவர் துணை போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு, மறுத்ததற்கு எழுத்தில் காரணம்—இவ்விரண்டையும் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத் துணைநிற்கும். இலஞ்சம் கேட்டால் அறிவிக்கும் தொலைபேசி இலக்கம் 1954; சட்டம் பிறந்த ஆண்டே அது, மறக்கமாட்டீர்கள்.

பெரியோர்களிடம் ஒரே விண்ணப்பம். கைக்கூலி கொடுத்துக் காரியம் முடித்தவனைப் பிள்ளைகள் முன் புகழாதீர்கள். நேர்வழியில் அலைந்து களைத்து வருபவனுக்கு, "நல்லது செய்தாய், தம்பி" என்று ஒரு சொல் சொல்லுங்கள். அச்சொல் கிடைக்குமாயின் நம் பிள்ளைகள் நாளையும் அவ்வரிசையில் நிற்பார்கள்.