படுக்கையில் இருப்போரைப் பள்ளிக்கு அழைத்து வருவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நம் பள்ளியின் முதல் ஸஃப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஐவேளையும் தவறாது வந்துகொண்டிருந்த சிலரை இப்போது காண முடிவதில்லை. அவர்கள் மவுத்தாகிவிடவில்லை. பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலிழந்தோ, முதுகுத் தண்டில் அடிபட்டோ, முழங்கால் மூட்டு தேய்ந்தோ வீட்டோடு இருக்கின்றனர். நோய் விசாரிக்க முதல் வாரம் கூட்டமாகச் செல்கிறோம். மூன்றாம் மாதம் எவரும் செல்வதில்லை. அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதைக் கிதாபில் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்த தவறிலிருந்தும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் அத்தா அவர்களுக்குப் பக்கவாதம் ஏற்பட்டு வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மருத்துவர் பயிற்சிகளைச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பிள்ளைகளாகிய நாங்கள் பாசத்தின் மிகுதியால் அவர்களை அசையவே விடவில்லை. நாங்களே ஊட்டினோம், நாங்களே தூக்கி உட்கார வைத்தோம். தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்தே இழுத்தோம். யாரோ சொன்னார்கள் என்று புறா இரத்தம் தேய்க்கவும் ஏற்பாடாயிற்று. ஓடும் இரத்தம் நஜீஸ் என்று ஓதித் தெரிந்த நானே வாயடைத்து நின்றேன். நான்கு மாதங்களில் தோள் இறுகியது, விரல்கள் மடங்கின, இடுப்பில் படுக்கைப் புண் கண்டது. அதன் பின்னரே மறுவாழ்வு மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் பார்த்துவிட்டு, "நோயால் போனது பாதி, அசையாமல் கிடந்ததால் போனது பாதி" என்றார். பயிற்சிக்குப் பிறகு அத்தா கைத்தடி ஊன்றிப் பள்ளிக்கு வந்தார்கள். வலக்கை மட்டும் கடைசிவரை திரும்பவில்லை.

பெரியோர்களே! உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் என்பது வெறும் கைகால் பிடித்துவிடும் வேலையன்று. மருந்தும் அறுவையும் உயிரைக் காக்கின்றன. காக்கப்பட்ட உயிர் எழுந்து நடக்கவும், தானே உண்ணவும், ஒளூச் செய்யவும், தொழிலுக்குத் திரும்பவும் வழி செய்வதே இம்மருத்துவம். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றி அழிகிறது. அழிந்த பகுதி மீள்வதில்லை. ஆயினும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகும்போது, மூளையின் மற்றப் பகுதிகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்ளும்படி அல்லாஹ் அமைத்திருக்கிறான். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் முன்னேற்றம் மிகுதி. அக்காலத்தைப் படுக்கையில் கழிப்பது பேரிழப்பாகும். அது கடந்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முயற்சிக்குப் பின்னரும் பலனுண்டு.

நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்றுண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கால்கள் திரும்பவில்லை, வாழ்வு திரும்பியது.

"எல்லாம் தக்தீர், சப்ருச் செய்வோம்" என்று சிலர் கூறுகின்றனர். தக்தீரை நம்புவது ஈமான். ஆனால் நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். பயிற்சியும் அம்மருந்தில் அடங்கியதே. சப்ரு என்பது முயற்சியைக் கைவிடுவதன்று. வலியோடும் சலிப்போடும் தினமும் பயிற்சி செய்வதுதான் சப்ரு. தண்ணீர் ஓதித் தரும்படி என்னிடம் வருகின்றீர்கள், ஓதித் தருகிறேன். கூடவே, "பயிற்சி நடக்கிறதா?" என்றும் கேட்பேன். தொழுகையே போதுமான பயிற்சி என்றும் எண்ண வேண்டாம். தொழுகை இபாதத், சிகிச்சை சிகிச்சையே. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. நாற்காலியில் தொழும் சட்டங்களைத் தத்தம் மத்ஹபின்படி கேட்டறியுங்கள்.

இல்லத்தாருக்குச் சில வார்த்தைகள். தாமே புரள இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவரால் இயன்றதை, நேரமானாலும், அவரே செய்ய விடுங்கள். நீர் அருந்தும்போது புரையேறினால் வற்புறுத்தி ஊட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளியைத் தூக்கித் தூக்கித் தம் முதுகைக் கெடுத்துக்கொள்ளும் தாய்மார்கள், தூக்கும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். 2021இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எவருக்கேனும் திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும்.

நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள்கள். பள்ளியின் படிகளுக்கு அருகில் சக்கர நாற்காலி ஏறும்படி ஒரு சாய்தளமும், ஒளூச் செய்யுமிடத்தில் கைப்பிடிக் கம்பியும் அமையுங்கள். பைத்துல்மாலிலிருந்து சக்கர நாற்காலியும் நடைதாங்கியும் வாங்கி, தேவைப்படுவோருக்கு இரவலாகக் கொடுங்கள். பயிற்சிக்குச் செல்ல ஆளில்லாத வீடுகளுக்கு இளைஞர்களை முறை வைத்து அனுப்புங்கள்.

மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் நாள்தோறும் தர்மம் கடமை என்றும், ஒருவரை அவரது வாகனத்தில் ஏற்றிவிடுவதும் தர்மமே என்றும் நபிமொழி அறிவிக்கிறது. இறுதி நோயில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இருவர் தாங்கிவர, பாதங்கள் தரையில் கோடிழுக்கப் பள்ளிக்கு வந்தார்கள். ஜனாஸாவைச் சுமக்க நாம் போட்டியிட்டு முந்துகிறோம்; அது நன்மைதான். உயிரோடிருப்பவரைத் தாங்கிவர இருவர் போதும். அந்த இருவர் நம்மிலிருந்து முன்வர வேண்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களுக்குத் தோள் கொடுக்கும் நற்பாக்கியத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.