கண்டலை எங்கே நடுவது?

  

நூற்றாண்டு நினைவாகக் கடற்கரையில் கண்டல் கன்றுகள் நடலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. நடத்தான் வேண்டும், ஆனால் கடற்கரையில் வேண்டாம் என்கிறோம்.

கல்முனையிலிருந்து தெற்கே எங்கள் கரை பெரும்பாலும் திறந்த மணல். அலை அடிக்கும் மணலில் கண்டல் வேர் பிடிக்காது. அது களப்போரச் சேற்று மரம். சாகாமம் போன்ற வயலூர்களிலிருந்து வடிந்து போகும் நன்னீர் உப்புநீரோடு கலக்கும் இடம்தான் அதற்குத் தோது. பொத்துவில் களப்பைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். கண்டல் இருந்திருந்தால் அந்த அலை நின்றிருக்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். சாதாரணப் புயல் அலையை அது தணிக்கும், கரை அரிப்பைக் குறைக்கும், அதுவே பெரிது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அவசர அவசரமாக நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. நட்டது சுமார் 1,000 ஹெக்டேயர். தப்பியது 200 சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றும் இல்லை. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், மாடு மிதித்தது, நட்டபின் எட்டிப் பார்க்க ஆளில்லை. படம் எடுத்ததோடு சரி.

வைத்தியர்களாக எங்களுக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. கிளினிக்குக்கு இரத்தச்சோகையோடு வரும் கர்ப்பிணித் தாய்மாரிடம் மீன் சாப்பிடுங்கள் என்கிறோம். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்வது கண்டல் வேருக்குள். அதை வெட்டி, குப்பை கொட்டி, நிரப்பி வளவாக்கினால் அந்த மீனுக்கு எங்கே போவது?

“நுளம்பு வருமே டொக்டர்” என்பார்கள். டெங்கு நுளம்பு பெருகுவது வீட்டு வாளியிலும் பூச்சாடியிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரில். களப்பைக் குற்றம் சொல்ல முதல் வளவைத் துப்புரவாக்குவோம்.

ஆகவே, நூறு கன்றுக்குச் சேர்க்கும் காசில் முப்பது கன்று போதும். மீதியை வேலிக்கும், மூன்று வருடம் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மீனவக் குடும்பத்துக்கும் வைப்போம். நிற்கிற கண்டலை வெட்டவிடாமல் காப்பது அதற்கும் முந்திய வேலை. கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகள் ஆளுக்கொரு வருடச் செலவைப் பொறுப்பெடுக்கலாம். பெயர் கொடுப்பவர்கள் இன்றே செயலாளரிடம் கொடுங்கள்.