நாட்டம் இயல்பு, வளர்ப்பது நம் பொறுப்பு



மனிதனுக்கு இறைநாட்டம் இயல்பானதா? தைப்பூசத்திற்கு முதல்நாள், தண்ணீர்மலை நோக்கி வரும் வெள்ளிரதத்தின் முன் தேங்காய் உடைக்கும் சீன அன்பர்களைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் முருகன் கதையைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர், ஆயினும் கைகூப்புகிறார்கள். குயின் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தபோது, நம் முன்னோரில் பலர் கூலி உழைப்பாளிகள். வயிறு நிறையட்டும், பிறகு கும்பிடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆகவே, நாட்டம் இயல்பே.

ஆனால் பேசும் திறனும் பிறவியிலேயே உண்டு; வீட்டார் பேசாவிட்டால் குழந்தைக்கு மொழி வராது. பக்தியும் அப்படித்தான். கோபுரத்திற்கு அள்ளித்தரும் அன்பர்களே, சமய வகுப்பிற்கும் கொடுங்கள், பிள்ளைகளையும் அனுப்புங்கள்.